ஷாஃப்ட் சாவி யாரிடம் இருக்கிறது? பெங்களூரு அபார்ட்மெண்ட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓர் ஒயர் தகராறு வழிகாட்டி

பெங்களூருக்கு வந்து ஃபிளாட் வாங்குகிற நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான். காவேரி வருமா, போர்வெல்லா, லாரியா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். இணையத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பால் காய்ச்சிய மறுநாள் தமக்குப் பிடித்த கம்பெனிக்கு போன் போட்டால், "உங்க பில்டிங்கில் எங்களுக்கு பர்மிஷன் இல்லை சார்" என்று பதில் வரும். கீழே இறங்கி செக்யூரிட்டியைக் கேட்டால் "இங்கே ஒரே கம்பெனிதான்" என்பார். யார் அப்படி முடிவு செய்தது? அவருக்குத் தெரியாது. அசோசியேஷனுக்கே பாதிதான் தெரிந்திருக்கும்.

ராமமூர்த்தி நகர் பக்கம் 96 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் நான் இரண்டு வருடம் செயலாளராக இருந்தேன். லிஃப்டுக்கும் பார்க்கிங்குக்கும் அடுத்து என் நேரத்தை அதிகம் தின்றது இந்த ஒயர் விவகாரம். "ஒயர் யாருடையது?" என்று கேட்டுக் கேட்டே முதல் ஆறு மாதத்தை வீணாக்கினோம். ஒயர் ஏறிப்போகிற வழி யாருடையது என்று கேட்டிருந்தால் ஒரே கூட்டத்தில் பாதி முடிந்திருக்கும். அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஷாஃப்டைத் திறந்து பாருங்கள்

சட்டம், அக்ரிமெண்ட் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு கதவு இருக்கும். அதற்குப் பின்னால் தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை ஒரு சந்து போகும். இதைத்தான் ஷாஃப்ட் என்றும் டக்ட் என்றும் சொல்கிறார்கள். கரண்ட் ஒயருக்கு ஒன்று, டிவி, இன்டர்காம், இணையத்துக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் குடியிருப்பில் அது அசோசியேஷனிடம் இல்லை. ஒரு இணைய கம்பெனியின் லைன்மேன் சட்டைப் பையில் இருந்தது. பூட்டும் அவர்கள் வாங்கிப் போட்டதுதான்.

நான்காவது மாடிக் கதவை முதல் தடவை திறந்தபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுண்டுவிரல் தடிமனில் மூன்று கறுப்பு கோஆக்ஸ் ஒயர், டிவிக்கானது. அதில் இரண்டு எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவற்றின் மேல் நூடுல்ஸ் மாதிரி வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாக ஃபைபர். ஒரு பெட்டிக்கு மூடியே இல்லை. உள்ளே பச்சை நிற கனெக்டர்கள் இன்சுலேஷன் டேப்பில் சுற்றித் தொங்கின. எதன் மேலும் பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனியின் ஒரே ஒரு ஃபைபர் இழை தெருவிலிருந்து வரும். ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பொருள் அதன் ஒளியை 8, 16 அல்லது 32 ஆகப் பிரித்துக் கொடுக்கும். பிரிந்த ஒவ்வோர் இழையும் ஒரு வீட்டுக்குப் போய், நாம் மோடம் என்று சொல்லும் பெட்டியில் முடியும். இரண்டு கம்பெனிகள் ஒரே ஸ்ப்ளிட்டரில் தம் சேவையைக் கொடுப்பது நடைமுறையில் கிடையாது. ஆகவே புதுக் கம்பெனி வந்தால் புது இழைகளும் வரும், அவற்றுக்கு இடமும் வேண்டும். "இடமில்லை" என்பதுதான் பழைய கம்பெனி சொல்லும் முதல் காரணம். பல நேரம் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை செத்துப்போன பழைய ஒயர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு மாடி மாடியாக ஏறுங்கள். ஒவ்வொரு ஷாஃப்டையும் போட்டோ எடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க லைன்மேன்களிடம் சிவப்பு ஒளி அடிக்கும் பேனா ஒன்று இருக்கும். ஒரு முனையில் அடித்தால் மறுமுனை சிவப்பாக மினுங்கும். அந்த முனைக்கு நேரே கண்ணை வைக்காதீர்கள். எங்களுக்கு உதவியது தங்கவயல் தம்பி ஒருவர். மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்து போகிறவர், தமிழ்ப் பையன். "அண்ணே, இதுல பாதி குப்பைண்ணே. ஆனா எது குப்பைன்னு நான் சொல்லாம நீங்க கைய வெச்சிடாதீங்க" என்றார்.

அவர் பேச்சைக் கேட்காமல் போனதுதான் எங்கள் தவறு. எங்கள் மேனேஜர் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து "டெட் ஒயர்களை" வெட்டச் சொல்லிவிட்டார். 14 வீடுகளில் இணையம் போனது. அதில் ஒரு வீட்டில் டீச்சரம்மா ஒருவர் ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை என் வீட்டு வாசலில் நின்றவர்களின் முகங்களைச் சொல்ல வேண்டியதில்லை. இது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி கம்பெனியின் வலையமைப்பைச் சேதப்படுத்தினால் அபராதம் வரை போகலாம். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கெடு வைத்து, அவர்கள் ஆளை நிற்கவைத்து எடுப்பதே வழி.

ஒயரை மூன்று துண்டாகப் பாருங்கள்

தெருவிலிருந்து உங்கள் பில்டிங் சுவர் வரை ஒரு துண்டு. அது கம்பெனியுடையது, அதில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. மாடிப் பெட்டியிலிருந்து உங்கள் ஹாலுக்கு வருவது மூன்றாவது துண்டு. சுவருக்குள் பில்டர் புதைத்த பைப்பும் அதில் அவர் இழுத்துக் கொடுத்த ஒயரும் நீங்கள் வீட்டோடு சேர்த்து விலை கொடுத்து வாங்கியவை. கம்பெனி இழுத்திருந்தால் உங்கள் சந்தா விண்ணப்பத்தில் அது யாருடையது என்று எழுதியிருக்கும். மோடம் பெரும்பாலும் அவர்களுடையது.

தகராறு எல்லாம் நடுத்துண்டில், அதாவது பேஸ்மெண்டிலிருந்து மாடிப் பெட்டி வரை. இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் பொது இடம். 1972-ம் ஆண்டின் கர்நாடக அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டப்படி பொது இடங்களில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பிரிக்க முடியாத பங்கு உண்டு. மற்றவர் உரிமைக்கு இடைஞ்சல் இல்லாமல் அதைப் பயன்படுத்தலாம். ஒயரின் கதை வேறு. இணையம், தொலைபேசிக்கு 2023-ம் ஆண்டுச் சட்டத்தின் 14-ம் பிரிவு சொல்வது இது: ஒரு சொத்தில் நிறுவப்பட்ட வலையமைப்பு அந்தச் சொத்தின் பகுதியாகிவிடாது, அதே சமயம், நிறுவியவருக்கு அந்தச் சொத்தின் மேல் பயன்படுத்தும் உரிமையைத் தவிர வேறு பாத்தியதை எதுவும் வந்துவிடாது.

எங்கள் கூட்டத்தில் இந்தப் பிரிவை வாசித்தபோது முதல் பாதியைக் கேட்டு கம்பெனி ஆள் சிரித்தார், இரண்டாம் பாதியைக் கேட்டு எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். உங்கள் ஒயர் உங்களுடையதாகவே இருக்கட்டும், ஆனால் எங்கள் ஷாஃப்டுக்கு உங்கள் பூட்டு எதற்கு? இந்த ஒரு வரியோடு பேச்சைத் தொடங்கினால் போதும்.

அமெரிக்காவில் இதற்கு அளவுகோலே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள கேபிள் டிவி விதிப்படி, ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு வெளியே சுமார் 12 அங்குலத்தில் எல்லைக்கோடு. நம்மிடம் அப்படி அங்குலக் கணக்கு எழுதப்படவில்லை என்பதால் அந்தக் கோட்டை நீங்களே அக்ரிமெண்டில் வரைந்துகொள்ள வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

பில்டரிடமிருந்து காகிதங்களைக் கறந்தெடுப்பது

உங்கள் அசோசியேஷன் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று முதலில் பாருங்கள். 1972 சட்டமாக இருக்கலாம், 1960-ம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டமாக இருக்கலாம். பைலாவை, அதாவது அசோசியேஷனின் விதிப் புத்தகத்தை எடுத்து, வெளியாருடன் ஒப்பந்தம் போட யாருக்கு அதிகாரம், பொதுக்குழு ஒப்புதல் வேண்டுமா என்று வாசியுங்கள். தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட்கள் இந்த ஊரில் நிறைய உண்டு.

அடுத்தது பில்டர். 2016-ம் ஆண்டின் ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17-ம் பிரிவுப்படி பொது இடங்களை அசோசியேஷன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதும், வரைபடங்களையும் ஆவணங்களையும் ஒப்படைப்பதும் அவர் கடமை. கடிதத்தில் பொதுவாக "எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் லிஃப்ட் உத்தரவாத அட்டையை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: கட்டியபடியே வரைந்த ஷாஃப்ட் வரைபடம், பைப் ஓடும் பாதை, எந்தக் கேபிள் அல்லது இணையக் கம்பெனியோடு எந்தத் தேதியில் என்ன ஒப்பந்தம், அதற்காக வாங்கிய பணம்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். எங்கள் பில்டர், கட்டடம் பாதி எழும்பியிருந்தபோதே, அசோசியேஷன் என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே, ஒரு கம்பெனியோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டிருந்தார். மூன்று கடிதத்துக்குப் பிறகு ஸ்கேன் செய்த நகல் வந்தது. அதில் ஒரு பக்கம் இல்லை. நான்காவது கடிதத்துக்கு அந்தப் பக்கமும் வந்தது. வேறு எந்தக் கம்பெனியையும் உள்ளே விடக்கூடாது என்ற வாசகம் அதில்தான் இருந்தது.

அப்படி ஒரு வாசகம் வந்தால் பதற வேண்டாம். சொத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் கொடுத்து, பொது இடத்தை மாற்றிக் கொடுத்த பிறகும் பில்டர் போட்ட அந்த நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்துமா என்று எழுத்தில் கருத்து வாங்குங்கள். அதோடு இரண்டு காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கட்டடங்களுக்குள் எல்லா நிறுவனங்களுக்கும் பாகுபாடில்லாமல் வழி கிடைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியில் அரசுக்குக் கொடுத்த பரிந்துரை. மற்றொன்று, கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு தர 2024 அக்டோபரில் டிராய் கொண்டுவந்த விதிமுறை. முதலாவது பரிந்துரை மட்டுமே. இரண்டாவதில் சேர்வது அவரவர் விருப்பம். இவற்றைக் காட்டி யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆனால் அடுத்த புராஜெக்ட்டை விற்கப் பார்க்கும் பில்டருக்கு நட்சத்திரம் என்ற சொல் காதில் இனிக்கும். எங்கள் விஷயத்தில் கம்பெனியே இறங்கிவந்தது. வக்கீல் கடிதத்தைவிட, 40 வீடுகள் கனெக்‌ஷனைத் துண்டிக்கத் தயார் என்று கையெழுத்திட்ட தாள்தான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

புது அக்ரிமெண்ட் எழுதும்போது

கம்பெனி அனுப்பும் மாதிரியில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எழுதிக் கொடுங்கள். தலைப்பிலேயே இது குத்தகை இல்லை, பயன்படுத்த அனுமதிக்கும் உரிமம் என்று இருக்கட்டும். குத்தகை என்று போய், ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவுச் செலவும் வரும், இடத்தில் அவர்களுக்குப் பிடியும் வரும். எங்களுக்கு மட்டுமே என்ற பொருள் எந்த மூலையிலும் வரக்கூடாது. மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். தானாகவே நீளும் என்ற வரியை அடித்துவிடுங்கள்.

பிறகு படம். ஏ4 தாளில் ஷாஃப்டை வரைந்து, எந்தப் பெட்டி வரை கம்பெனியுடையது, எங்கிருந்து அசோசியேஷனுடையது, எங்கிருந்து வீட்டுக்காரருடையது என்று மூன்று நிறத்தில் போட்டு, இரண்டு தரப்பும் அதில் கையெழுத்திடுங்கள். முப்பது பக்க ஒப்பந்தத்தில் பின்னாளில் எங்களுக்கு உதவியது அந்த ஒரு தாள்தான்.

வெளியேறும் நாளைப் பற்றி இப்போதே எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்து 60 நாளுக்குள் தம் ஒயர்களையும் பெட்டிகளையும் எடுத்துவிட வேண்டும். எடுக்காதவை அசோசியேஷனைச் சேரும். எடுக்கும் செலவை, கம்பெனியிடம் முதலிலேயே வாங்கிவைக்கும் வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளலாம். கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பேசுவது மாதிரி இருக்கிறதே என்று எங்கள் தலைவர் நெளிந்தார். பேசித்தான் ஆக வேண்டும். செத்த கோஆக்ஸ் எல்லாம் இப்படிப் பேசாமல் விட்டதன் மிச்சம்.

கரண்ட். கம்பெனி தன் கருவிகளை வைத்து, பேஸ்மெண்டில் உறுமிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டி 100 வாட் இழுத்தால் மாதம் 72 யூனிட். பொது மீட்டரில் அது உங்கள் மெயின்டனன்ஸ் பணம். தனி சப்-மீட்டர் போடச் சொல்லுங்கள்.

மாடிக்கு மாடி கான்கிரீட்டில் துளை போட்டால், ஒயர் போன பிறகு தீ பரவாத பூச்சால் அதை அடைத்துத் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். திறந்த ஷாஃப்ட், தீப்பிடித்தால் புகைபோக்கியாகிவிடும். இதை யாரும் கேட்பதில்லை. நான் மூன்று கூட்டங்களில் கேட்டு, "செயலாளர் ரொம்ப பயப்படுகிறார்" என்று பேர் வாங்கினேன்.

சாவி, கேட்டில் பதிவேட்டோடு இருக்கட்டும். பெயர், கம்பெனி, மாடி, வந்த நேரம், போன நேரம். ஒவ்வோர் ஒயரிலும் வீட்டு எண் ஒட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடலாம். கிளப் ஹவுஸுக்கு இலவச கனெக்‌ஷன், வருடத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று கம்பெனிகள் ஆசை காட்டும். வாங்குவது தப்பில்லை. அசோசியேஷன் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், பொதுக்குழுவில் தொகையைச் சொல்ல வேண்டும், அதற்கு ஈடாக மற்ற கம்பெனிகளை அடைக்கக் கூடாது. இன்னொன்று, உறுப்பினர்கள் தரும் மெயின்டனன்ஸ் மாதிரி இது வரியில்லாப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். நமக்குள்ளேயே சேர்த்து நமக்கே செலவிடும் பணத்துக்குத்தான் அந்தச் சலுகை. பெங்களூரு கிளப் வழக்கில், கிளப்பின் வங்கி வைப்புகளுக்கு வந்த வட்டிக்கே அந்தச் சலுகை கிடையாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளிக் கம்பெனி தரும் பணத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிட்டரிடம் வருமான வரி, ஜிஎஸ்டி இரண்டையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

டிவி கேபிள் கொஞ்சம் வேறு

ஊரில் அரசு கேபிளுக்குப் பழகிவந்தவர்களுக்கு இங்கே அது இல்லை என்பதே முதல் ஏமாற்றம். இங்கே உள்ளூர் ஆபரேட்டர்கள், அவர்களுக்கு மேலே சிக்னல் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள். "இந்த ஏரியா நம்மது சார்" என்று ஆபரேட்டர் சொன்னால் சிரித்துக்கொண்டே பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். முன்பு அதைத் தலைமைத் தபால் நிலையத்தில் கொடுத்தார்கள். இப்போது மத்திய அரசின் இணையதளம் வழியாகப் பதிவு. அந்தப் பதிவு யாருக்கும் ஏரியாவைப் பட்டா போட்டுத் தருவதில்லை. இரண்டாவது ஆபரேட்டரோ டிடிஎச்சோ வர விரும்பினால் ஷாஃப்டில் அவர்களுக்கும் இடம் உண்டு.

பெங்களூரில் 2013 மார்ச்சோடு பழைய அனலாக் முறை முடிந்து செட்-டாப் பாக்ஸ் கட்டாயமானது. 2019 பிப்ரவரியிலிருந்து சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆபரேட்டர் தள்ளிவிடும் தொகுப்பு பெரும்பாலும் கன்னடத் தொகுப்பாகத்தான் இருக்கும். தமிழ் சேனல்கள் வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டில் அத்தை, மாமா இருந்தால் சீரியல் நேரத்துக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

ஆளாளுக்கு பால்கனியில் டிஷ் மாட்டுவதைத் தடுக்க நினைத்தால், தடை நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் மொட்டை மாடியில் பொது டிஷ் வைத்து ஷாஃப்ட் வழியாக இறக்கிக் கொடுங்கள். வழி கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் சண்டை நிச்சயம்.

பேசித் தீரவில்லை என்றால்

எதிராளி யார் என்பதைப் பொறுத்துக் கதவு மாறும். பில்டர் ஆவணம் தரவில்லை, பொது இடத்தை மாற்றவில்லை என்றால் கர்நாடக ரேரா ஆணையம். உங்கள் கனெக்‌ஷனில் கோளாறு, பில்லில் தவறு என்றால் முதலில் கம்பெனியின் புகார் மையம். அங்கே கொடுக்கும் டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொண்டு, தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், நுகர்வோர் ஆணையம். டிராய்க்கு எழுதினால் கம்பெனிக்கே அனுப்பிவைப்பார்கள். தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு கதவு டெல்லியில் இருக்கும் டிடிசாட் என்ற தீர்ப்பாயம். சேவை நிறுவனத்துக்கும் நுகர்வோர் குழுவுக்கும் இடையிலான தகராறை அது விசாரிக்கும். அசோசியேஷன் சேர்ந்து போகக்கூடிய இடம் அது. போகிறோமோ இல்லையோ, அந்தப் பெயர் கடிதத்தில் இருந்தால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது.

அசோசியேஷனே உங்கள் எதிராளி என்றால், அதாவது கமிட்டிதான் இன்னொரு கம்பெனியைத் தடுக்கிறது என்றால், வாட்ஸ்அப் குழுவில் பொங்காதீர்கள். "எந்தத் தீர்மானத்தின்படி தடுக்கிறீர்கள், அதன் நகல் தாருங்கள்" என்று மெயில் எழுதுங்கள். தீர்மானமே இருக்காது, பத்துக்கு ஏழு இடத்தில் அதுதான் கதை என்பது என் அனுபவம். பொதுக்குழுவில் வைக்கக் கையெழுத்துச் சேகரியுங்கள். கூட்டத்தில் தமிழ் ஆட்கள் நாம் ஒரே மூலையில் உட்கார்ந்து தமிழில் கிசுகிசுத்தால் விஷயம் வேறு திசைக்குப் போய்விடும். பக்கத்துவீட்டுக் கன்னடக்காரரிடம் முதல் நாளே பேசி, முடிந்தால் தீர்மானத்தை அவரையே முன்மொழியச் சொல்லுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

உங்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இருக்காது. ஓனர் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எந்தெந்தக் கம்பெனி லைன் இருக்கிறது என்று செக்யூரிட்டியிடம் கேட்டுவிடுங்கள். வீட்டைக் காட்டும் புரோக்கர் சொல்வதை நம்ப வேண்டாம். புது கனெக்‌ஷன் வேண்டுமென்றால் "என் வாடகைதாரருக்கு அனுமதி தாருங்கள்" என்று ஓனரிடமிருந்து அசோசியேஷனுக்கு இரண்டு வரி மெயில் போகட்டும். சுவரில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் அதையும் அந்த மெயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் காசோடு துளைக் காசையும் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். போகும் நாளில் மோடத்தைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதை அடுத்து வருபவருக்கு உதவட்டும் என்று சுவரிலேயே விட்டுப்போன ஒருவருக்கு எட்டு மாதம் கழித்து பில் வந்தது.